குண்டுக்குத் துணை இருவர்

"அந்தக் குண்டுக்குத் தனியா இருக்கப் பயமாப்பா?" என்று இங்கா ஒருநாள் கேட்டாள். அவளுக்கு அப்போது ஆறு வயது. உருளைக்கிழங்கு ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்த ஹால்வர் நிகார்டின் கை அப்படியே நின்றுவிட்டது.

கேள்வி நியாயமானதுதான். அப்பா என்ன வேலை பார்க்கிறார் என்று மகள் நச்சரித்ததால் முந்தைய நாள் அவர் சொல்லியிருந்தார்: பெரிய விமானங்களின் வயிற்றில் குண்டை ஏற்றுவதும் இறக்குவதும்தான் வேலை, அதன் பக்கத்தில் எப்போதும் இரண்டு பேர் இருந்தாக வேண்டும், ஒற்றை ஆளாக ஒருநாளும் அதனருகே நிற்கக் கூடாது. குழந்தைக்குத் தெரிந்தவரை, இருட்டுக்குப் பயப்படுகிறவர்களுக்குத்தான் துணைக்கு ஆள் வைப்பார்கள்.

"குண்டுக்கு ஒரு பயமும் இல்லம்மா. எங்களுக்குத்தான்."

"குண்டப் பாத்தா?"

"இல்ல. எங்களப் பாத்து."

அப்பா வேடிக்கையாகப் பேசுகிறார் என்று நினைத்து இங்கா சிரித்தாள். ஹால்வர் வாழ்நாளில் வேடிக்கையாகப் பேசியவரில்லை. ஞாயிறு தவறாமல் லூத்தரன் கோயிலுக்குப் போய், பின்வரிசையில் உட்கார்ந்து, காணிக்கைத் தட்டு வரும்போது சத்தம் கேட்காமல் போடுகிற மனிதர் அவர்.

அமெரிக்காவின் டகோட்டாவில், கோதுமை வயல்களுக்கு நடுவே இருந்தது டன்மோர் விமானத்தளம். எட்டு இயந்திரங்கள் கொண்ட விமானங்கள் அங்கே வயிற்றில் குண்டோடு, எண்ணெய் நிரப்பி, எந்நேரமும் புறப்படத் தயாராக வரிசையில் நின்றன. எதிரி எப்போது வருவான் என்று தெரியாது. அதனால் எல்லோரும் அவனை முந்திக்கொண்டு பயந்துகொண்டிருந்தார்கள்.

ஹால்வர் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் குண்டு வேறு, குண்டின் இதயம் வேறு. இதயம் என்பது தனிப்பெட்டியில் பயணம் செய்யும் ஓர் உலோக உருண்டை. விமானம் பறக்கும்போது ஒருவர் தவழ்ந்து போய் அதைக் குண்டுக்குள் வைத்தால்தான் அணுகுண்டு. அதுவரை அது வெறும் வெடிமருந்து. "இதயம் வெளியே இருக்கிறது, ஆகவே பாதுகாப்பு" என்று பயிற்சி வகுப்பில் சொன்னார்கள். சில ஆண்டுகளில் புதுக் குண்டுகள் வந்தன. அவற்றில் இதயத்தை உள்ளேயே வைத்து மூடியிருந்தார்கள். "இதயம் உள்ளே இருக்கிறது, ஆகவே இன்னும் பாதுகாப்பு" என்று அதே வகுப்பில், அதே கரும்பலகைக்கு முன், அதே அதிகாரி சொன்னார். சந்தேகம் கேட்கக் கை தூக்கியவன் மறுவாரம் சமையற்கூடத்துக்கு மாற்றப்பட்டான். அங்கே அவன் நன்றாகவே சமைத்தான்.

எங்கேயாவது ஒன்று தவறும்போதெல்லாம் ஒரு புதுப் பூட்டு வந்து சேர்ந்தது. பூட்டுக்கு ஓர் ஊசி, ஊசிக்கு ஒரு சிவப்பு நாடா, நாடாவைப் பார்க்க ஒருவர், அவர் பார்த்தாரா என்று பார்க்க இன்னொருவர். ஆனால் "விபத்து" என்ற சொல்லை மட்டும் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. பெரியது நடந்தால் அதற்கு "முறிந்த அம்பு" என்று பெயர். கொஞ்சம் சிறியதென்றால் "வளைந்த ஈட்டி." அதிலும் சிறியதென்றால் "மழுங்கிய வாள்." பழைய காவியத்தில் வரும் போர்வீரனின் வீட்டுச் சாமான்களைப் போல இருக்கும். இந்தப் பெயர்களை வைத்தவர் நல்ல கவிஞராக வந்திருக்க வேண்டியவர்.

அந்த ஆண்டு டன்மோர் தளத்தில் அம்பு, ஈட்டி, வாள் மூன்றும் முழுசாக இருந்தன. அதற்காகத் தலைமையகம் ஒரு கேடயம் கொடுத்தது. தளபதி கர்னல் வார்ட்வெலுக்குக் கேடயத்தை அலுவலகச் சுவரில் மாட்டியதோடு மனம் அடங்கவில்லை. அதன் அச்சாகத் தகரப் பட்டயங்கள் செய்து, "ஆண்டின் மிகப் பாதுகாப்பான தளம்" என்று பொறித்து, ஒவ்வொரு விமானத்தின் குண்டறைக்குள்ளும் ஒன்று மாட்டச் சொன்னார். குண்டேற்றுகிற ஆள் நிமிர்ந்து பார்த்தால் அது கண்ணில் பட வேண்டும் என்பது அவர் விருப்பம்.

பாதுகாப்பு அதிகாரி மேஜர் பின்க்னி பட்டயத்தை எடுத்துவந்தபோது ஹால்வர் தயங்கித் தயங்கித்தான் சொன்னார்.

"சார், அங்க இடம் கொஞ்சம் நெருக்கம். பக்கத்துலயே குண்டக் கழட்டிவிடற தண்டு ஓடுது. திருகு தளர்ந்துச்சுன்னா…"

"நிகார்ட், பாதுகாப்புக்கு இடமில்லன்னா பின்ன எதுக்குய்யா இடம்?"

"சரி சார்."

பட்டயத்தை நான்கு திருகுகளால் மாட்டினார்கள். மாட்டியவர் ஒருவர், மாட்டியதைப் பார்த்தவர் ஒருவர்.

நவம்பரில் ஒரு காலை. மூச்சு விட்டால் மீசையில் உறைகிற குளிர். ஹால்வரும் ட்வயர் என்ற இளைஞனும் ஒரு விமானத்தின் வயிற்றுக்கடியில் தள்ளுவண்டியில் குண்டை உயர்த்தி, கொக்கிகளில் மாட்டிவிட்டார்கள். மாட்டிய பிறகு கொக்கி பிடித்திருக்கிறதா என்று குண்டை ஒரு குலுக்குக் குலுக்கிப் பார்ப்பது வழக்கம். குலுக்கினார்கள். மேலே நான்கு திருகுகளில் மூன்று ஏற்கெனவே ஊரைவிட்டுப் போயிருந்தன போலும். பட்டயம் கழன்று, "மிகப் பாதுகாப்பான" என்ற எழுத்துகள் கீழ்நோக்கி இருக்க, தண்டுக்கும் இணைப்புக்கும் நடுவே போய்ச் செருகிக்கொண்டதை ஹால்வர் தம் கண்ணாலேயே பார்த்தார். கொக்கிகள் திறந்தன.

குண்டு வண்டியின் மேல் விழுந்தது. வண்டி சாய்ந்தது. சாய்ந்த வண்டியின் சட்டத்துக்கடியில் ஹால்வரின் இடது கால் மாட்டிக்கொண்டது. வண்டியின் எண்ணெய்க்குழாய் வெடித்துப் பக்கத்திலிருந்த சூடேற்றும் இயந்திரத்தின் மேல் பீச்ச, குப்பென்று தீப்பிடித்தது.

ட்வயர் ஓடினான். அவனைக் குறைசொல்ல முடியாது. தீ மூண்டால் இன்னோர் ஆளைக் கூட்டிவர ஓட வேண்டும் என்பது விதி. மற்றவன் கால் மாட்டிக் கிடந்தால் என்ன செய்வது என்று விதியில் இல்லை. ஆக, ஹால்வரும் குண்டும் தீயும் மட்டும் மிச்சம். அணுவெடிப்பு நிகழ வாய்ப்பு மிகமிகக் குறைவு என்று கையேட்டில் எழுதியிருந்தது. எவ்வளவு குறைவு என்பது ரகசியம்.

விமானத்தைச் சுற்றித் தரையில் சிவப்புக் கோடு ஒன்று உண்டு. கோட்டுக்கு வெளியே காவல் நின்றவன் அமோஸ் பெட்டிகுரூ. தெற்கத்தி அலபாமாக்காரன், கறுப்பு இளைஞன், இருபத்திரண்டு வயது. டகோட்டாக் குளிரை இன்னும் மன்னிக்காதவன். யாரும் ஒற்றை ஆளாகக் கோட்டைத் தாண்டினால் தடுக்க வேண்டும். தடுத்தும் கேட்காவிட்டால் சுட வேண்டும். அதுதான் அவன் வேலை.

தீயணைப்பு வண்டி உடனே வந்தது. அதில் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவரிடம் நீல அனுமதி அட்டை; மற்றவரிடம் பச்சை. பச்சை அட்டை போன மாதம்வரை செல்லும். பாதுகாப்பை வலுப்படுத்துவதற்காக நிறத்தை மாற்றியிருந்தார்கள். ஆகவே சட்டப்படி வந்திருந்தது ஒற்றை ஆள்தான். அவர்கள் இருவரும் குழாயைக் கையில் பிடித்தபடி, சிவப்புக் கோட்டுக்கு ஓர் அடி வெளியே, மரியாதையாக நின்றார்கள். இன்னொரு நீல அட்டையை வரச் சொல்லித் தகவல் போயிருந்தது.

"நான் வரட்டுமா உங்களோட? என்கிட்ட நீலம் இருக்கு" என்றான் அமோஸ்.

"நீ காவல்காரன் தம்பி. உன்னக் கணக்குல சேக்க முடியாது" என்றார் தீயணைப்பாளர், வருத்தமாகவே.

விமானத்துக்கடியிலிருந்து ஹால்வரின் குரல் கேட்டது. அலறல் இல்லை, பரமண்டலத்திலிருக்கிற பிதாவைக் கூப்பிடுகிற குரல். அமோஸ் துப்பாக்கியைப் பனிமேல் வைத்தான். தீயணைப்பாளர் கையிலிருந்து நுரைக்குப்பியைப் பிடுங்கினான். கோட்டைத் தாண்டினான்.

நுரையை அடித்துத் தீயை அவித்தான். பிறகு வண்டிச் சட்டத்துக்கடியில் வலத்தோளைக் கொடுத்துத் தூக்கினான். தோளில் ஏதோ கிழிந்த சத்தம் அவனுக்கே கேட்டதாம். தூக்கிய தோளை இறக்காமல் இடக்கையால் ஹால்வரின் கோட்டுக் காலரைப் பிடித்து வெளியே இழுத்தான். இழுத்து முடித்தபோது இரண்டாவது நீல அட்டை வந்து சேர்ந்தது. தீயணைப்பாளர்கள் விதிப்படி உள்ளே போய், அணைந்திருந்த தீயை அணைத்தார்கள்.

மறுவாரம் விசாரணைக் குழு அமைந்தது. தலைவர் கர்னல் வார்ட்வெல். தம் தளத்தைத் தாமே விசாரிப்பது முறையா என்று யாரோ கேட்டதற்கு, "வெளியாளுக்கு நம்ம நிலவரம் என்ன தெரியும்?" என்றார். உறுப்பினர் மேஜர் பின்க்னி. குழுவின் முதல் அமர்விலேயே ஒன்று தெளிவாகிவிட்டது. குண்டு விழுந்தது ஒரு பிரச்சினையே அல்ல. குண்டு விழும், அது அதன் தொழில். ஒற்றை ஆள் கோட்டைத் தாண்டியதுதான் பிரச்சினை.

மேஜர் மருத்துவமனைக்கு வந்தார். ஹால்வரின் கட்டுப்போட்ட காலைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு, நாற்காலியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப்போட்டுக்கொண்டார்.

"நிகார்ட், ஒரு சின்ன விஷயம்தான். பெட்டிகுரூ உள்ள வந்தப்போ உங்க கண்ணு தொறந்திருந்துச்சா?"

"ஏன் சார்?"

"விதி என்ன சொல்லுது? ரெண்டு பேர் இருக்கணும். ஒருத்தர் தப்புப் பண்ணா மத்தவர் பாத்துக் கண்டுபிடிக்கணும். உங்க கண்ணு தொறந்திருந்தா நீங்க அவனப் பாத்துட்டிருந்தீங்க. அப்ப நீங்க ரெண்டு பேர். விதி நின்னுடுச்சு. அவன்மேல ஒரு குத்தமும் இல்ல."

"மூடியிருந்தா?"

மேஜரின் முகத்தில் உண்மையான வேதனை தெரிந்தது. "மூடியிருந்தா நீங்க தனியா இருந்தீங்க, அவனும் தனியா இருந்தான். ஒரே குண்டோட ரெண்டு பேர் தனித்தனியாத் தனியா இருந்திருக்கீங்க. ரெண்டு மீறல். யோசிச்சு வைங்க."

ஹால்வர் யோசித்தார். யோசிக்க என்ன இருக்கிறது? கால் மாட்டிய கணத்தில் அவர் கண்ணை மூடி ஜெபிக்கத் தொடங்கினார். காலரைப் பிடித்து யாரோ இழுத்த பிறகுதான் கண்ணைத் திறந்தார். திறந்தபோது அமோஸின் முகத்தில் வியர்வை உறைந்திருந்தது. அதற்கு முன் நடந்த எதையும் அவர் பார்க்கவில்லை. பைபிளின் மேல் கை வைத்து, பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். அவர் அப்பா ஒரு பொய் சொல்லிக் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. ஆனால் அமோஸ் இல்லாவிட்டால் இன்று பொய் சொல்லவோ மெய் சொல்லவோ நாக்கே இருந்திருக்காது.

மறுநாள் அமோஸே வந்தான். வலக்கையைத் துணித்தூளியில் போட்டிருந்தான்.

"என்ன சார்ஜன்ட், கால் எப்படி?"

"இருக்கு. உன் தோளு?"

"அதுவும் இருக்கு. ஆனா மேல தூக்குனா எங்கூர் வரைக்கும் வலிக்குது." கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தான். "கண்ணு மூடியிருந்துச்சாமே? ஆஸ்பத்திரி பூரா இதே பேச்சு."

"ஜெபிச்சிட்டிருந்தேன்ப்பா."

"அடக் கடவுளே! ஜெபம்னா கண்ண மூடிக்கணுமா? எங்க சபையில வந்து பாருங்க. எங்கம்மா ஆண்டவர்கிட்ட ஒரு கண்ணு, அடுப்புமேல ஒரு கண்ணு. ஒருநாளும் சோளரொட்டி கருகுனதில்ல." சிரித்தான். சிரித்தபோது தோள் வலித்து, சிரிப்பு பாதியில் நின்றது.

"அமோஸ், தொறந்திருந்துச்சுன்னு சொல்லிடறேன்."

"நீங்களா? உங்க மூஞ்சிக்குப் பொய் வராது சார்ஜன்ட். சொன்னா அப்படியே சிவந்து பீட்ரூட் மாதிரி ஆயிடுவீங்க. வேணாம். இருக்கிறத இருக்கிறபடி சொல்லுங்க. அந்தத் தகரத்தையும் சேத்துச் சொல்லுங்க. அது விழுந்ததாலதான் எல்லாம்னு தெரிஞ்சா, அப்புறம் என்மேல என்ன கோபம் அவங்களுக்கு?"

ஹால்வருக்கு அது சரி என்றே பட்டது. உண்மையை முழுசாக வைத்தால் அது தன்னைத்தானே காப்பாற்றிக்கொள்ளும் என்று நல்லவர்கள் நம்புவார்கள். அவரும் நம்பினார்.

விசாரணை அறையில் சுவரில் கேடயம் மாட்டியிருந்தது. ஹால்வர் ஊன்றுகோலோடு வந்து உட்கார்ந்தார். பைபிள்மேல் கை வைத்தார்.

"முதல் கேள்வி" என்றார் கர்னல். "ட்வயர் போன பிறகு நீங்க குண்டோட தனியா இருந்திருக்கீங்க. இது தடைசெய்யப்பட்டதுன்னு தெரியுமா?"

"தெரியும் சார்."

"தெரிஞ்சும் ஏன் அங்கயே இருந்தீங்க?"

"கால் மாட்டியிருந்துச்சு சார்."

"விலகிப்போக முயற்சி பண்ணீங்களா?"

"கால் குண்டு வண்டிக்கு அடியில இருந்துச்சு சார்."

"அது காரணம். நான் கேக்கறது முயற்சி."

"பண்ணேன் சார்."

"நல்லது. எழுதிக்குங்க. மீறலைத் திருத்திக்கொள்ள விருப்பம் காட்டினார்." கர்னல் கண்ணாடியைச் சரிசெய்தார். "குண்டு ஏன் விழுந்துச்சு?"

ஹால்வர் பட்டயத்தைப் பற்றிச் சொன்னார். திருகுகள், தண்டு, இணைப்பு, எழுத்துகள் எந்தப் பக்கம் இருந்தன என்பதுவரை சொன்னார். மேஜர் பின்க்னி தொண்டையைச் செருமினார்.

"அது பாதுகாப்புப் பட்டயம் சார். பாதுகாப்புக்காக மாட்டுனது. பாதுகாப்புக்காக மாட்டுன பொருள் ஆபத்த உண்டாக்கும்னா அதுக்குப் பேரே பொருந்தாதே."

"சரியான வாதம்" என்றார் கர்னல். "பாருங்க நிகார்ட், நான் உங்க மேல சந்தேகப்படல. வலியில இருந்திருக்கீங்க. வலியில மனுஷன் என்னென்னமோ பாப்பான். அந்தப் பகுதிய நீக்கிடுங்க."

"நான் பாத்தேன் சார்."

"அப்ப கண்ணு தொறந்துதான் இருந்துச்சு!" மேஜர் எழுந்தே நின்றுவிட்டார்.

"பட்டயம் விழும்போது தொறந்திருந்துச்சு சார். கால் மாட்டுன பிறகு மூடிட்டேன். ஜெபம் பண்ணேன்."

இங்கேதான் குழுவுக்கு ஆன்மிக உதவி தேவைப்பட்டது. தளத்தின் போதகர் லிண்ட் அழைக்கப்பட்டார். மெலிந்த, கூச்ச சுபாவமுள்ள மனிதர். லூத்தரன் முறையில் ஜெபத்துக்குக் கண்ணை மூடுவது கட்டாயமா என்று கேட்டார்கள். கட்டாயமில்லை, பழக்கம் என்றார் அவர்.

"ஆக, கடமை நேரத்துல கட்டாயமில்லாத ஒன்னச் செஞ்சிருக்கார்" என்றார் கர்னல், எழுதுபவரைப் பார்த்து.

போதகரின் கழுத்து சிவந்தது. "சார், ஒன்னு சொல்லலாமா? ஒருத்தன் ஜெபிக்கிற இடத்துல ஆண்டவர் கூட இருக்கார்னு நாங்க நம்பறோம். அவரோட கண்ணு எப்பவும் தொறந்தே இருக்கு. அப்படிப் பாத்தா அங்க தனியா யாரும் இல்ல. பெட்டிகுரூ போறதுக்கு முன்னாடியே ரெண்டு பேர் இருந்தாங்க."

கர்னல் இதைத் தட்டிக்கழிக்கவில்லை. அவர் பக்தியுள்ளவர்; நாட்டின் எல்லாத் தளபதிகளையும் போல ஆண்டவர் தம் பக்கம் இருக்கிறார் என்பதில் உறுதியானவர். மேஜரைப் பார்த்தார்.

"அவர் பேர் அனுமதிப் பட்டியல்ல இல்ல சார்" என்றார் மேஜர்.

"இப்ப விண்ணப்பிச்சா?"

"பின்னணி விசாரணை இருக்கு. பொறந்த ஊரு, குடும்பம், யார் யாரோட பழக்கம்… கைதாகித் தண்டனை அடைஞ்ச மகன் ஒருத்தர் இருக்கார் சார்."

"அப்ப சிரமந்தான்" என்று கர்னல் பெருமூச்சு விட்டார். போதகர் உட்கார்ந்தார். அறையில் யாரும் சிரிக்கவில்லை. ஹால்வர் தம் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசியாக அமோஸை நிறுத்தினார்கள்.

"நீ உள்ள போனப்போ அவரோட கண்ணு எப்படி இருந்துச்சு?"

"நான் காலத்தான் பாத்தேன் சார்."

"கண்ணப் பாக்கணும்னு தோணலயா?"

"மாட்டியிருந்தது கால்தானே சார்."

"உன் வேலை என்ன, பெட்டிகுரூ?"

"ஒத்த ஆளா யாரும் குண்டுகிட்டப் போகாமப் பாத்துக்கறது."

"ஒத்த ஆளா யார் போனது?"

"நான் சார்."

"தடுத்தியா?"

"தடுத்துப் பாத்தேன் சார். கேக்கல."

தீர்ப்பு ஒரு வாரத்தில் வந்தது. குண்டு விழுந்தது அம்புமல்ல, ஈட்டியுமல்ல, வாளுமல்ல என்று குழு ஒருமனதாக முடிவுசெய்தது. அதற்கென்று "தூசி படிந்த உறை" என்று ஒரு புது வகை உண்டாக்கப்பட்டது. கேடயம் சுவரிலேயே தங்கியது. விழுந்ததற்குக் காரணம் குளிர். குளிர்மேல் நடவடிக்கை பரிந்துரைக்கப்படவில்லை. ஆனால் விதிமீறலுக்குக் காரணம் அமோஸ் பெட்டிகுரூ. கண் மூடியிருந்தது என்ற ஹால்வரின் வாக்குமூலம் நம்பத்தகுந்தது என்று தனியாகப் பாராட்டப்பட்டிருந்தது. அவர் சொன்ன இரண்டு உண்மைகளில் ஒன்றைக் குப்பையில் போட்டுவிட்டு, மற்றதை எடுத்து அந்தப் பையனின் கழுத்தில் மாட்டிவிட்டார்கள்.

அமோஸின் துப்பாக்கியும் பதவிப்பட்டையும் பறிக்கப்பட்டன. கர்னல் கருணையுள்ளவர் என்பதால் உடனே விரட்டவில்லை. குளிர்காலம் முடியும்வரை தலைமை அலுவலகத்து நடைபாதையைப் பனி வாரிச் சுத்தமாக வைக்க வேண்டும். அதிகாரிகள் காலையில் வரும்போது தளக்கல் கறுப்பாகத் தெரிய வேண்டும். ஒருநாள், ஒரே ஒருநாள், பனி கிடந்தாலும் அவமானச் சான்றிதழோடு வெளியேற்றம். அந்தச் சான்றிதழோடு போகிறவனுக்கு அந்த நாட்டில் கல்லூரி இல்லை, அரசு வேலை இல்லை, நல்ல கடையில் எடுபிடி வேலைகூட இல்லை. அலபாமாவில் அவன் நிறத்துக்கு ஏற்கெனவே இருந்த சங்கடங்கள் போக இது.

தோள் கிழிந்தவன் எப்படிப் பனி வாருவான் என்று மருத்துவர் கேட்டாராம். "அதுதானே தண்டனை" என்றாராம் மேஜர்.

ஹால்வருக்குத் தண்டனை இல்லை. கால் கொஞ்சம் குட்டையாகச் சேர்ந்துகொண்டதால் கையுறைகள் வைக்கும் கிடங்குக்கு மாற்றினார்கள். தண்டனை தொடங்கிய பிறகு முதன்முதலாகப் பனி விழுந்த காலையில் அவர் ஜன்னல் வழியே பார்த்தார். அமோஸ் இடக்கையால் மண்வாரியைப் பிடித்து, பிடியை வயிற்றில் முட்டுக்கொடுத்துத் தள்ளிக்கொண்டிருந்தான். பாதி பாதையில் அதிகாரிகளின் கார்கள் வரத் தொடங்கின. கடைசிப் பகுதியைக் காலால் உதைத்து உதைத்துத் தள்ளி, எப்படியோ முடித்தான். மேஜர் குனிந்து தரையை உற்றுப் பார்த்தார். பிறகு உள்ளே போனார். அமோஸ் சுவரில் சாய்ந்து வாந்தியெடுத்தான்.

அவனிடம் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று ஹால்வர் இரண்டு முறை கிளம்பினார். என்ன சொல்லிக் கேட்பது? உண்மை சொன்னதற்காக மன்னித்துவிடு என்றா? கிளம்பிய இரண்டு முறையும் பாதியிலேயே திரும்பிவிட்டார். மூன்றாம் முறை அவர் கிளம்பியது பேச அல்ல.

அடுத்த பனி விழுந்தபோது, விடிவதற்குக் கொஞ்சம் முன்னால், அமோஸ் மண்வாரியோடு வந்து பார்த்தான். பாதை கறுப்பாக, ஈரமாக, விளிம்பு வெட்டியதுபோல நேராக இருந்தது. வாரிய பனி இருபக்கமும் வரப்புபோல ஒழுங்காகக் குவிந்திருந்தது. சுற்றிப் பார்த்தான். ஒருவரும் இல்லை.

அடுத்த பனிக்கும் அப்படித்தான். அதற்கடுத்ததற்கும்.

ஒருநாள் உணவுக்கூடத்தில் ஹால்வரின் எதிரே தட்டோடு வந்து உட்கார்ந்தான்.

"சார்ஜன்ட், ஒரு அதிசயம் கேட்டீங்களா? தேவதூதர் ஒருத்தர் நம்ம தளத்துல பனி வார்றார்."

"அப்படியா?" ஹால்வர் காப்பிக் கோப்பைக்குள் பார்த்தபடி கேட்டார்.

"போதகர்கிட்டச் சொன்னேன். 'வெளிய சொல்லாத, மேஜர் காதுல விழுந்தா அந்த தூதர் எந்தப் பிரிவுன்னு கேப்பார்'ங்கறார்." உருளைக்கிழங்கை இடக்கையால் நசுக்கினான். "என்ன சார்ஜன்ட், மூஞ்சி சிவக்குது?"

"காப்பி சூடா இருக்கு."

"ம். சூடாத்தான் இருக்கும்." எழுந்து போகும்போது தன் தட்டிலிருந்த இனிப்புத் துண்டை ஹால்வரின் தட்டில் வைத்துவிட்டுப் போனான்.

பிப்ரவரிக் கடைசியில் தளத்துக்கு இரண்டாவது கேடயம் வந்தது. அணிவகுப்பில் கர்னல் பேசினார். "கண்டிப்பு மனிதனை உடைக்கும் என்கிறார்கள். நம் பெட்டிகுரூவைப் பாருங்கள். ஒரே கையால், தன்னந்தனியாக, இந்தக் குளிர்காலம் முழுவதும் ஒரு பாதையைச் சுத்தமாக வைத்திருக்கிறான். யாரும் அவனுக்கு உதவவில்லை. எனக்கு அது உறுதியாகத் தெரியும். நாங்கள் யாரும் அங்கே யாரையும் பார்த்ததில்லை. நாம் அவனுக்கு எதுவும் கொடுக்கவில்லை, நண்பர்களே. அதனால்தான் அவன் இவ்வளவு உயர்ந்தான்." எல்லோரும் கைதட்டினார்கள். புதுப் பட்டயங்கள் முன்னதைவிடப் பெரிதாக இருக்கும் என்றும், எட்டுத் திருகுகளால் மாட்டப்படும் என்றும் மேஜர் அறிவித்தார்.

மார்ச்சில், குளிர்காலம் முடிந்தது என்று எல்லோரும் நம்பியிருந்தபோது, ஒரு பெரும்புயல் அடித்தது. அமோஸின் தண்டனையில் அதுதான் கடைசி நாள். இடுப்புவரை பனி. கதவைத் திறக்கவே ஹால்வர் தோளால் இடிக்க வேண்டியிருந்தது. மனைவியும் இங்காவும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். குட்டையாகச் சேர்ந்த கால் அந்தக் குளிரில் எலும்புக்குள் பல்வலிபோல வலித்தது. வாரி வாரி, நின்று மூச்சு வாங்கி, மறுபடி வாரினார். கண்ணிமைகள் உறைந்து ஒட்டிக்கொண்டபோது கையுறையால் தேய்த்துத் திறந்துகொண்டார். வாய் மட்டும் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே இருந்தது.

கிழக்கு வெளுக்கும்போது பாதை முழுவதும் கறுப்பாகத் தெரிந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் அமோஸ் வருவான். மேஜர் குனிந்து பார்ப்பார். மதியப் பேருந்தில், மரியாதையான சான்றிதழோடு, அவன் தெற்கே போய்விடுவான்.

ஹால்வர் மண்வாரியைத் தோளில் போட்டுக்கொண்டு, காற்று வாரிக்கொண்டு போனதில் பனி மெல்லியதாகக் கிடந்த புல்வெளிப் பக்கமாக வீட்டை நோக்கி நடந்தார். கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்தார். பனியில் அவருடைய கால்தடம், ஒன்று ஆழமாகவும் ஒன்று மேலாகவும், யாருடையது என்று குழந்தைகூடச் சொல்லிவிடும்படி கிடந்தது. திரும்பிப் போய், அலுவலக வாசலில் சாத்தியிருந்த நீண்ட துடைப்பத்தை எடுத்துக்கொண்டார். பிறகு பின்புறமாகவே நடந்து, ஒவ்வோர் அடியாக, தம் தடத்தைத் துடைத்துக்கொண்டே வீடுவரை வந்து சேர்ந்தார்.